ஒற்றை மரக் காடு

குத்தாயிஸி குழந்தைகள் அரங்கில்
இருபத்தாறு வருடம் நான் விளக்குக்காரன்.
மின்சாரமே இல்லாத வருடங்களும் அதில் சேர்த்தி.

நாத்தேலா குகுஷ்விலிக்குக் கை வரைய வராது.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
அவளே யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.
பதினான்கு புத்தகம் எழுதிப் படமும் போட்டாள்.
எடுத்துப் பாருங்கள்:
தபால்காரர் கையுறை போட்டிருப்பார்,
இளவரசி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பாள்,
ரொட்டிக்காரிக்கு முழங்கைவரை மாவு.
கரடிக்குப் பாதம்தானே என்று
கரடிக் கதைகளே அதிகம்.

மேடைக்கு அவள் செய்யும் கதவுகள்
ஏழு வயதுப் பிள்ளையின் உயரம்.
"ராஜா தலை நிமிர்ந்து வரவேண்டும்!" என்று
கத்துவார் இயக்குநர் ஷால்வா.
"முதலில் குனிந்து வரட்டும்.
அப்புறம் நிமிர்ந்தால்தானே நிமிர்ந்தது தெரியும்"
என்பாள், வாயில் ஆணிகளோடு.
ராஜா இடித்துக்கொள்வார்.
கிரீடம் உருளும்.
முன்வரிசை கூரையைப் பிய்க்கும்.

ஒருமுறை திபிலிசி பதிப்பகத்தில் ஒருவர்
படத்தைப் பென்சிலால் தட்டினாராம்:
இத்தனை வாத்து எதற்கு வரிசையில் நிற்கிறது?
குளத்துக்கு.
ரொட்டிக் கடைக்கு என்று நினைப்பார்களே?
அப்படியா, எனக்குத் தோன்றவே இல்லையே என்றவள்
வீட்டுக்கு வந்து
கடைசி வாத்தின் அலகில் ஒரு காலிப் பையைத் தொங்கவிட்டாள்.
அப்படியே அச்சாகி வந்தது.

தொண்ணூற்று மூன்றின் குளிர்காலம்.
ஒத்திகை அறையில் தகர அடுப்பு, போட விறகில்லை.
கிடங்கில் அவளுடைய காடு இருந்தது,
ஒட்டுப்பலகையில் நாற்பத்தொரு மரம்.
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
அவளே கோடரியோடு வந்தாள்,
அக்குளில் ஒரு கட்டுத் தாள்.
வெட்டுமுன் ஒவ்வொன்றையும் வரைந்தாள்.
சீக்கிரம் என்றேன், விரல் விறைத்து.
இரு, இதற்கு இன்னும் ஒரு கிளை பாக்கி என்றாள்.
நாற்பது போயிற்று.
நாற்பத்தொன்றாவதன் பச்சைச் சாயம்
புகைந்து எல்லோர் கண்ணையும் எரித்தது.
இருமிக்கொண்டே வெளியே இழுத்தோம்,
ஒரு பக்கம் கருகியிருந்தது.

அதை வைத்துத்தான் மார்ச்சில் நாடகம்.
காட்டில் தொலைந்த சிறுமி
நின்ற இடத்திலேயே நடந்தாள்.
மரம் அவளைக் கடந்து போனது.
திரைக்குப் பின்னால் ஓடி வந்து
மறுபடி கடந்து போனது.
மரத்துக்குள் நாத்தேலா, ஐம்பத்தெட்டு வயது.
என்னிடம் ஒரு லாரி பேட்டரி, ஒரு முகப்பு விளக்கு;
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்,
நிழலாவது வேறு மரமாக விழட்டும் என்று.
அவள் மூச்சு மூன்றாம் வரிசைவரை கேட்டது,
காற்று என்று நினைத்திருப்பார்கள்.
ஒரு பையன் மட்டும் பெஞ்சின்மேல் ஏறிவிட்டான்:
"அதே மரம்தான் அது! கருகின இடம் இருக்கு!"

மரம் நின்றது.
யாரும் மூச்சுவிடவில்லை, நானும்.
பிறகு அது இடுப்பிலிருந்து மெல்ல வளைந்து
அவனுக்குத் தலை வணங்கியது.

அவள் போன மறுநாள் மேசை இழுப்பறையில்
கைகள் கிடைத்தன.
முந்நூறு தாள் இருக்கும்.
முஷ்டி, கத்தரி பிடித்த கை, கம்பளி பின்னும் கை,
எல்லாமே தப்பு, பெருவிரல்கள் இடம் மாறி.
ஒன்றின் மணிக்கட்டில்
விளக்குச் சூடு பட்ட என் தழும்பு.
அதை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
விரல் ஆறு.

கூடத்துக்கும் நடைக்கும் நடுவே
ஏதோ பழைய நாடகத்தின் கதவை மாட்டி வைத்திருந்தாள்.
பெட்டி அந்த வழியாகத்தான் போகவேண்டும்.
சட்டத்தோடு கழற்றிவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
ஷால்வா ஒப்பவில்லை.
எழுபத்தாறு வயதில் முன்பக்கம் பிடித்தவர் அவர்.
ஆறு பேரும் குனிந்தோம்.
இன்னும், இன்னும் கீழே என்று
அவரேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.
அப்படியும் இடித்துக்கொண்டார்.
தொப்பி மாடிப்படியில் உருண்டு போனது.